இரண்டு ஷிப்டுக்கு ஒரு சீவாளி

ஒரகடத்தில் ஒரு குடோனில் பார்சல் கட்டுகிற வேலை இப்போது எனக்கு. போன வாரம் ஒரு பெட்டியைக் கட்டும்போது சணல் ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டது. உடனே எடுத்திருக்கலாம். எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். நுனி முதலில் சிவந்தது, பிறகு ஊதாவாக மாறத் தொடங்கியது. பக்கத்து டேபிள் பெண், "இன்னாண்ணா, விரலு வேணாமா?" என்று கேட்ட பிறகுதான் அவிழ்த்தேன்.

சிவப்பு வரைக்கும் போகலாம், ஊதா கூடாது. இதை எனக்குச் சொன்னவன் குமரேசன்.

அவன் தஞ்சாவூர்ப் பக்கத்து நாயனக்காரர் வீட்டுப் பிள்ளை. கல்யாணம் இல்லாத மாதங்களில் அடுப்பு எரியவில்லை என்று இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனிக்கு வந்தவன், வருஷக்கணக்கில் அங்கேயே நின்றுவிட்டான். நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பூர், ஓசூர், நடுவில் ஒரு பரோட்டாக் கடை என்று அலைந்துவிட்டு, அதே ஊரில் வேறொரு கம்பெனியில் காருக்கு வயர்க்கட்டு சுற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் ஒரே ரூம், ஒரே பாய், ஒரே தலையணை. அவனுக்குப் பகல் ஷிப்டு, எனக்கு ராத்திரி. தலையணைக்குத்தான் ஓய்வே கிடையாது. நான் படுக்கும்போது அது அவனுடைய தேங்காயெண்ணெய் வாசனையோடு வெதுவெதுப்பாக இருக்கும்.

காலையில் என் பஸ் வந்து அவன் பஸ் கிளம்புவதற்குள் கொஞ்ச நேரம் கிடைக்கும். எங்கள் சிநேகிதம் முழுவதும் அந்த பஸ் ஸ்டாப்பில்தான் நடந்தது.

அந்தச் சமயத்தில் பிள்ளைப்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்க ஒப்புக்கொண்டிருந்த மேளக்காரர் இரண்டாவது நாயனத்துக்கு ஆள் தேடினார். வந்து வாசி, சரிப்பட்டால் செட்டிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று குமரேசனிடம் சொல்லியிருந்தார். கம்பெனி லைனை விட்டுப் போக அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். நாயனம் இருந்தது, சீவாளி இல்லை. வாயில் வைத்து ஊதுகிற அந்தச் சின்ன நாணல் துண்டு இல்லாவிட்டால் நாயனம் வெறும் மரம். வைத்திருந்ததெல்லாம் எங்கள் ரூமின் ஆஸ்பெஸ்டாஸ் சூட்டில் வெடித்துப் போயிருந்தன. ஊருக்குப் போய் வாங்கிவர லீவு கிடைக்கவில்லை. வீட்டிலிருந்து ஒரு கட்டு காய்ந்த நாணல் தட்டையை பஸ்ஸில் போட்டுவிட்டார்கள்.

தட்டையை ஊறவைத்து, அடி முனையைக் கெண்டை என்கிற குட்டி உலோகக் குழாயில் ஏற்றி நூலால் கட்ட வேண்டும். மறு முனையை அமுக்கி வாயாக்க வேண்டும். ஊறாமல் கட்டினால் கீறும். அதிகம் ஊறினால் குழையும். பதம் வரும் நேரத்தில் அவன் லைனில் நிற்பான். ரூமில் இருக்கிற நேரமெல்லாம் தூங்குகிற நேரம். அதனால் அவன் டம்ளரில் ஊறப் போட்டுவிட்டு பஸ் ஏறுவான், நான் சோறு வடித்துச் சாப்பிட்டு முடித்துக் கட்ட வேண்டும் என்று ஏற்பாடு.

ஊறிய தட்டைக்கு ஒரு வாசனை உண்டு, மழையில் நனைந்த கோரைப்பாய் மாதிரி. பரோட்டாக் கடையில் எனக்குக் கொடுத்த பாயும் அப்படித்தான் நாறும். அங்கே மாவு மூட்டைகளுக்குப் பலகை போட்டிருந்தார்கள், எங்களுக்குத் தரை. ஈரம் மாவுக்கு ஆகாதாம்.

முதல் சீவாளியை என் லைனில் கட்டுகிற மாதிரியே கட்டினேன். அங்கே சூப்பர்வைசர் வயர்க்கட்டை இழுத்துப் பார்ப்பார், அசைந்தால் ரிஜெக்ட். இது அசையவே இல்லை. எனக்குப் பெருமை. மறுநாள் காலையில் குமரேசன் வாயில் வைத்தான். கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது, காற்று போகவில்லை.

"வயர்னு நெனச்சியா மாப்ள? கழுத்த நெரிச்சு வச்சிருக்க."

அடுத்ததைப் பயந்து பயந்து கட்டினேன். கட்டு வழியாகக் காற்று ஒழுகியது. அதற்கடுத்தது சத்தம் போட்டது. ஆனால் அதை அவன் நான் வேலைக்குப் போன பிறகு ரூம் வாசலிலேயே ஊதிவிட்டான், நடந்ததை மறுநாள் பஸ் ஸ்டாப்பில் நடித்துக் காட்டினான். எங்கள் வரிசையில் எந்த நேரமும் யாராவது ஒரு ஷிப்டுக்காரன் தூங்கிக்கொண்டிருப்பான். வீட்டுக்கார அக்கா துடைப்பத்தோடு வந்தது.

"இன்னாபா, ரூம்ல வாத்து கீதா? பசங்க தூங்கினுகீறானுங்க, அப்பால எட்துகினு போ."

"வாத்து இல்லக்கா, எம் பொழப்பு."

"பொழப்ப ரோட்டாண்ட போய் ஊது."

சத்தம் வந்ததே தவிர அதுவும் உதவாது என்று சொல்லிவிட்டான். கடைசியில் ஒரே ஒரு துண்டு மிஞ்சியது. அன்று காலை பஸ் ஸ்டாப்பில் என் விரலைப் பிடித்து நூலைச் சுற்றினான்.

"பாத்துக்க. செவக்குதா? இம்புட்டுதான். ஊதாவானா செத்துடும். ரத்தம் போய்க்கிட்டே இருக்கணும்."

"என்னால முடியலன்னா?"

"லீவு போட்டு நானே கட்டிக்கிறேன்."

"லீவு போட்டா தூக்கிடுவானுங்கடா."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டான்.

அன்று சோற்றை வடித்து மூடி வைத்துவிட்டு நூலை எடுத்தேன். முதலில் என் விரலில் சுற்றினேன், சிவந்ததும் கை அந்த இழுப்பை மறப்பதற்குள் தட்டையில் சுற்றினேன். மறுபடி விரல், மறுபடி தட்டை. முடிச்சுப் போட்ட பிறகு இழுத்துப் பார்க்கத் துடித்த கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் காலையில் அவன் அதை உதட்டில் ஈரப்படுத்தி மெதுவாக ஊதினான். பீ என்று ஒரு சத்தம். என்னைப் பார்த்தான். சட்டைப் பையில் ஐடி கார்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. போய்க் கேட்கலாம் என்று இருந்தேன். ராத்திரி ஷிப்டு முடிந்ததும் ஆள் குறைகிறது என்று எங்களை அப்படியே பகலுக்கும் நிறுத்திவிட்டார்கள். போன் கேட்டில் செக்யூரிட்டியிடம் இருந்தது, உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். சாயங்காலம் வாங்கிப் பார்த்தால் நிறைய மிஸ்டு கால். கூப்பிட்டேன். வேன் சத்தம்.

"பேசுச்சு மாப்ள! மேளக்காரப் பெரியவரு கையோட கூட்டிக்கிட்டாரு. செய்யாறு போறோம், நாளைக்கு முகூர்த்தம்."

"நான் கட்டுனதா?"

"வேற எது இருக்கு எங்கிட்ட?"

ரூமில் அவன் பையைக் காணோம். யூனிபார்ம் ஆணியில் தொங்கியது. தலையணை சில்லென்று இருந்தது. பிறகு சில நாள் அவன் கூப்பிட்டான், சில நாள் நான். எப்போது கூப்பிட்டாலும் யாராவது ஒருவர் வேலையில் இருப்போம். அப்புறம் அந்த நம்பரே போய்விட்டது.

அந்த வரிசை வீடுகளையும் இடித்துவிட்டு ஹாஸ்டல் கட்டியிருக்கிறார்கள். இரும்புக் கட்டில், ஆளுக்கு ஒரு தலையணை. வீட்டுக்கார அக்கா மகளோடு எங்கேயோ போய்விட்டதாம். பஸ் ஸ்டாப்பும் மேம்பாலத்துக்கு அடியில் போய்விட்டது. சீவாளி எப்போதோ தேய்ந்திருக்கும், அதன் ஆயுசு அவ்வளவுதான். அது நாயனத்தில் ஏறிப் பேசியதை நான் கேட்டதே இல்லை. என் காதில் விழுந்தது பஸ் ஸ்டாப்பில் வந்த அந்த ஒரு வாத்துச் சத்தம் மட்டும்தான்.