அம்மாவின் மருந்தும் அண்ணையின் குற்றமும்

அண்ணையின் பழுப்பு நிறக் குளிரங்கியை நினைத்தால் அதன் மணம்தான் முதலில் வருகிறது. இந்தக் குளிர் நாட்டில், வில்லரேப் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் வாசலில், மற்றவர்களின் அங்கிகளோடு சேர்க்காமல் தனியே ஓர் ஆணியில் அதைத் தொங்கவிடுவார். பச்சை இலையைக் கசக்கியது போன்ற நெடி, அதற்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் கலந்தது போல. உணவகச் சமையலறையில் வேலை என்றார். அம்மா நம்பினார். அப்பா மட்டும் ஒன்றிரண்டு தடவை அந்த அங்கியின் பக்கத்தில் நின்றுவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்ப் படுத்தார்.

அண்ணை பார்த்தது சமையல் வேலை அல்ல. நகரின் இன்னொரு பகுதியான பியர்பொன்ட்ஸில் யாரோ வாடகைக்கு எடுத்த வீடொன்றின் நிலவறையில், யன்னல்களை எல்லாம் மூடிவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் கஞ்சா வளர்த்தார்கள். அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் விடுவதுதான் அவர் வேலை. பொலிஸ் வந்த அன்று அந்த வீட்டில் இருந்தது அவர் ஒருவர்தான். சிறைக்குப் போனார். நாங்கள் எல்லோரும் குடியுரிமை எடுத்தபோது அவர் 'பேந்து பாப்பம்' என்று தள்ளிப்போட்டிருந்தார். அதனால் சிறையிலிருந்து வெளியே வந்தவரை நாட்டைவிட்டே அனுப்பிவிட்டார்கள்.

இப்போது கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். அப்பாவின் செத்தவீட்டை அங்கிருந்தபடி தொலைபேசித் திரையில் பார்த்தார். நாங்கள் அழுவதைப் பார்க்காமல், அப்பாவின் முகத்துக்கு நேராகப் பிடிக்கச் சொல்லி என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அண்ணை பிடிபட்ட நாளிலிருந்து அம்மா கோயிலுக்குப் போனாலும் பின்வரிசையில்தான் நிற்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணையோடு கதைப்பார்; சாப்பிட்டியா தம்பி, மழையா, கால் வீக்கம் வத்திட்டுதா. அந்த விஷயத்தை மட்டும் இருவரும் ஒருநாளும் தொட்டதில்லை. இந்த நாட்டில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிவிட்டார்கள் என்று செய்தியில் சொன்ன நாளில் அம்மா எழுந்து தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு அரிசி களையப் போனார்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி முடித்தபின் அம்மாவுக்குக் கால்களில் நரம்பு வலி தொடங்கியது. தணலில் கால் வைத்தது போல எரியுது என்பார். போர்வை பட்டாலே துடிப்பார். கொடுத்த மாத்திரைகள் எதற்கும் அது கேட்கவில்லை. கடைசியில் வைத்தியர் கஞ்சா எண்ணெயைச் சொன்னார்.

"உந்தச் சனியனை என்ர வீட்டுக்குள்ள கொண்டராத. ஒரு பிள்ளையைக் குடுத்தது காணும்," என்றார் அம்மா. வலி அவரைவிடப் பிடிவாதமாக இருந்தது. ஒரு மாலை, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டே நாக்கை நீட்டினார். சொட்டு விட்டேன். அன்றைக்கு அவர் தூங்கியதைப் பார்த்து எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. மூச்சு வருகிறதா என்று போய்ப் போய்ப் பார்த்தேன். அதன் பின் அதை 'மருந்து' என்றுதான் சொன்னார். கஞ்சா என்ற சொல் அண்ணையின் கதைக்கு மட்டும் என்றாகிவிட்டது.

அவருக்கு ஒத்துவந்த எண்ணெய் ஒருநாள் வராமல் நின்றுபோனது. வேறு வகைகள் தலையைச் சுற்றவைத்தன. இந்த மாகாணத்தில் ஆசைக்காக வீட்டில் ஒரு செடிகூட வளர்க்க முடியாது. மருந்துக்கு என்றால் மத்திய அரசின் அனுமதியோடு வளர்க்கலாம். அம்மாவுக்காக நான் அந்த அனுமதியை எடுத்து, நிலவறையில் செடிகளை வைத்தேன். அம்மாவும் நானும் இப்போது இருக்கும் வீடும் பியர்பொன்ட்ஸில்தான். அண்ணை பிடிபட்ட தெரு இங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம். அனுமதி கையில் இருந்தும் நான் யன்னலை மூடினேன். காற்றாடியை விடாமல் ஓடவிட்டேன். வெளியே போய் நின்று மணம் வருகிறதா என்று பார்த்தேன். கார்க் கதவு ஒன்று சாத்தப்பட்டால் எட்டிப் பார்த்தேன்.

கடைசியில் அவர்கள் வந்தே விட்டார்கள். மத்தியானம், இரண்டு பொலிஸ்காரர்கள். அயலில் யாரோ மணத்தைப் பற்றி முறையிட்டிருந்தார்கள். அம்மா கூடத்துக் கதிரையில் இருந்தார். சீருடையைக் கண்டதும் எழும்பினார். கால் தாங்காமல் திரும்ப விழுந்தார். நான் அனுமதியைக் காட்டி அவர்களை நிலவறைக்குக் கூட்டிப்போனேன். செடிகளை எண்ணினார்கள். இருவரில் வயதானவர் மஞ்சளாகிப்போன ஓர் இலையை விரலால் தூக்கிப் பார்த்து, தண்ணீர் கூடிவிட்டதோ என்று பிரெஞ்சில் கேட்டார். பிறகு நல்ல நாளாக அமையட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. "என்னவாம்?"

"தண்ணி கூடிப்போச்சாம்."

"வேற?"

"வேற ஒண்டும் இல்லை அம்மா. போட்டினம்."

அம்மா வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப என்ர பிள்ளையை ஏன் கொண்டுபோனவங்கள்?"

அண்ணைக்காக நான் முன்பே ஒரு சட்டத்தரணியிடம் கேட்டிருந்தேன். சட்டம் மாறியபின் எளிதாகக் கிடைக்கும் மன்னிப்பு, கஞ்சாவைக் கையில் வைத்திருந்தவர்களுக்குத்தான். வளர்த்தவர்களுக்கு அது இல்லை என்றார்.

அன்று ஞாயிறு அல்ல. ஆனாலும் அம்மா அண்ணைக்குத் தொலைபேசி எடுக்கச் சொன்னார்.

"தம்பி, நீ அந்த வீட்டில தண்ணி விட்ட செடியள், அதுவும் ஆருக்கும் நோவுக்குத்தான் போனதோ?"

"தெரியாது அம்மா. நான் காசுக்குத்தான் செய்தனான்."

"ஓம்," என்றார் அம்மா. "அது எனக்கும் தெரியும்."

அவர் கோபப்படவுமில்லை, அழவுமில்லை. தொலைபேசியைப் பிடித்தபடி எழும்பி, நிலவறைப் படிகளில் இறங்கத் தொடங்கினார். ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் வைத்து, என் தோளை அழுத்திப் பிடித்து இறங்கினார். கீழே போய்த் திரையை இலைகளுக்கு நேரே பிடித்தார்.

"உவள் தங்கச்சி தண்ணியை அள்ளி ஊத்திப்போட்டாள். இலை மஞ்சளாப்போச்சு. தெரியுதே?"

"வடிவாத் தெரியேல்லை அம்மா. வெளிச்சம் அடிக்குது."

"கிட்ட வந்து பாரன்," என்றார் அம்மா.

சொன்ன பிறகுதான் தன் சொல் அவருக்கே கேட்டது. தொலைபேசி பிடித்திருந்த கை தாழ்ந்தது. நான் தொலைபேசியை வாங்கி விளக்குக்கு மறைவாகப் பிடித்தேன். அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைக்கு மிக அருகில் வந்தார். முகம் முழுவதும் அதில் நிறைந்தது.

"விளக்கு செடிக்குக் கிட்ட நிக்குது பிள்ளை," என்றார். "நாலு விரல் மேல உயத்து."

உயர்த்தினேன்.