கன்னம் அளக்கிற வேலை

அடுத்தவர் முகத்தைத் தொட்டுப் பிழைக்கிற தொழில்களில் ஆகக் குறைவாகப் பேச வேண்டியது எங்களுடையதுதான். சலூன்காரர் ஊர்க்கதை கதைக்க வேண்டும். பல் வைத்தியர் ஆறுதல் சொல்ல வேண்டும். கண்ணாடிக் கடைக்காரர் “வடிவாயிருக்கு” என்று பொய் சொல்ல வேண்டும். நான் “ஆடாமல் இருங்கோ” என்றால் போதும். இரசாயனவியலில் பட்டம் வாங்கியும் நேர்முகப் பரீட்சைகளில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், இந்த வேலையை நான் ஏன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன் என்று விளக்கத் தேவையில்லை.

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஓர் ஒழுங்கை. அங்கே மாடியில் இரண்டு அறை. வெட்டிவேர் எண்ணெய் கலந்த முகக் கிரீம் தளர்ந்த தோலை இறுக்குமா என்று சோதித்துப் பார்ப்பது எங்கள் வேலை. வெளிநாட்டுக் கொம்பனி ஒன்று அந்தக் கிரீமை வாங்க இருந்தது. நாற்பது வயது தாண்டிய இருபது பெண்களாவது பன்னிரண்டு வாரம் ஒழுங்காகப் பூசி முடித்திருக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. நாங்கள் இருபத்துநான்கு பேரோடு தொடங்கினோம். ஆளுக்கு இரண்டு டப்பா: சிவப்பு மூடி ஒரு கன்னத்துக்கு, நீல மூடி மற்றக் கன்னத்துக்கு. ஒன்றில் வெட்டிவேர் இருக்கும், மற்றதில் இராது. எந்த மூடிக்குள் இருக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

அளக்கிற கருவி பேனை மாதிரி ஒரு குழாய். கன்னத்தில் வைத்தால் தோலை மெல்ல மேலே இழுத்து, இரண்டு செக்கனில் விட்டுவிடும். விட்ட தோல் எவ்வளவு கெதியாகப் பழைய இடத்துக்கு வந்து சேர்கிறது என்று திரையில் ஒரு கோடு கீறும். உடனே வந்தால் நல்ல தோல். யோசித்து யோசித்து வந்தால் வயது போன தோல். கடற்கரை ரயில் போகும்போது கட்டடம் அதிரும், கோடும் நெளியும். அதனால் சுவரில் ரயில் நேர அட்டவணை ஒட்டியிருந்தோம்.

தலைவலி பாம்

இந்த இடத்தை நடத்துகிறவர் ஒரு சிங்களப் பெண்மணி. நான் மிஸ் என்று கூப்பிடுவேன். வெள்ளவத்தையிலேயே வளர்ந்ததால் தமிழும் கதைப்பார்; என்னை மட்டும் சிங்களத்தில் நங்கி, அதாவது தங்கச்சி, என்பார். வெட்டிவேர் எந்தக் கன்னத்தில் இருக்கிறது என்று பூசுகிறவருக்கு மணத்தில் தெரிந்துவிடும், அதைத் தடுக்க முடியாது. அளக்கிற எனக்குத் தெரிந்தால் என் கை என்னை அறியாமலே ஒரு பக்கம் சாயும் என்பது அவருடைய பயம். ஆகவே முகக்கவசத்தின் உட்பக்கத்தில் தலைவலி பாம் பூசிக்கொண்டுதான் நான் அறைக்குள் போக வேண்டும்.

காலை ஒன்பது முதல் நான்கு மணி வரை எனக்கு உலகம் முழுவதும் பாம் மணம். ஹெவ்லொக் டவுனில் வாடகை அறைக்குத் திரும்பிய பிறகும் சோற்றில் அதே மணம்தான். அம்மா, அப்பா, தம்பி எல்லோரும் கனடாவுக்குப் போய்விட்டார்கள். பிள்ளை என்ற கணக்கில் அவர்களோடு சேர்ந்து போகிற வயதை நான் சில மாதங்களால் தாண்டிவிட்டேனாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா தொலைபேசியில் சாப்பிட்டாயா என்று கேட்பார், நான் ஓம் என்பேன். முதல் வாரம் மிஸ்ஸிடம் தயங்கித் தயங்கி, பாம் கொஞ்சம் குறைக்கலாமா என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: “உங்களுக்கு வாயும் வேணாம், மூக்கும் வேணாம், நங்கி. கை மட்டும் இருந்தா போதும்.”

இருபது நிமிடம்

வெயிலில் வந்தவரை உடனே அளக்க முடியாது. ஏசி அறையில் மேசை மணியை இருபது நிமிடத்துக்குத் திருப்பி வைத்து இருத்தி, முகச் சூடு அடங்கிய பிறகுதான் கருவியை வைக்கலாம். அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்கக் கூடாது, முகத்தைத் தொடக் கூடாது, கதைக்கவும் கூடாது. கதைத்தால் சிரிப்பு வரும், சிரித்தால் கன்னத்தில் இரத்தம் ஏறும். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இது தண்டனை. ஒருவர் தாங்க முடியாமல் சுவரில் இருந்த ரயில் அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டார்.

பிலோமினா அன்ரி மட்டும் வேறு மாதிரி. கொட்டாஞ்சேனைக்காரி. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, ஒரே மகன் அவுஸ்திரேலியாவில். பத்து மணிக்கு வரச் சொன்னால் ஒன்பதரைக்கே வந்து படியில் நிற்பார். இரண்டு பஸ் மாறி வந்த களைப்போடு நாற்காலியில் சாய்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, என் எதிரில் அசையாமல் இருப்பார். மணி அடித்ததும் நான் குழாயை எடுத்துக்கொண்டு போனால் கண்ணை மூடிக்கொள்வார். இரண்டாம் முறை வந்தபோது, கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு கேட்டார்: “இருவது நிமிஷம் அதுக்குள்ள முடிஞ்சுதா, மகள்?”

வெள்ளிக்கிழமைக் கன்னம்

ஜிந்துப்பிட்டி சரோஜாக்கா புறக்கோட்டையில் துணிக்கடையில் நிற்கிறவர். சொன்ன நாளில் வருவார், சொன்னபடி பூசுவார். ஆனால் வெள்ளிக்கிழமை குளித்து முகத்துக்கு மஞ்சள் பூசாமல் முருகன் கோயில் படி ஏற மாட்டார். கன்னத்தில் வேறு எதுவும் படக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறோம். மஞ்சள் ‘வேறு எதுவும்’ என்ற கணக்கில் வரும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. சோறும் தண்ணீரும் மாதிரி அதுவும் ஒன்று என்று நினைத்திருக்கிறார்.

மிஸ்ஸுக்கும் மஞ்சளின் அருமை தெரியும். ஆனாலும் பட்டியலில் இருந்து பெயரை எடுக்கத்தான் வேண்டியிருந்தது. பன்னிரண்டு வெள்ளிக்கிழமை மட்டும் மஞ்சளை நிறுத்த முடியாதா என்று நான் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். சரோஜாக்கா இரண்டு டப்பாவையும் மேசையில் வைத்துவிட்டு, கோபம் இல்லாமல் சொன்னார்: “முருகனுக்கு என் மூஞ்சி தெரியும், தங்கச்சி. ஒங்க மெசினுக்குத்தான் அடையாளம் தெரியல.”

நிறை குறைந்த டப்பா

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறவர்கள் டப்பாக்களையும் கொண்டு வர வேண்டும். நான் அவற்றைத் தராசில் வைத்து நிறுத்து எழுதுவேன். ஒழுங்காகப் பூசினால் இரண்டு கிழமைக்கு இவ்வளவு குறையும் என்று எங்களுக்குத் தெரியும். புதுக்கடைக் கோர்ட்டில் கோப்புகள் எழுதுகிற லிகிதராக இருந்த ஓர் அம்மாவின் நீல மூடி டப்பா இரண்டு மடங்கு குறைந்திருந்தது. நான் அந்த எண்ணைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். கோர்ட்டில் எத்தனை பேரைக் கூண்டில் பார்த்தவரோ, நான் கேட்க முன்னரே வாக்குமூலம் தந்துவிட்டார்.

அவருடைய கணவருக்குக் குதிக்காலில் வெடிப்பு. மனைவிக்கு ஓசியில் கிடைத்த வெளிநாட்டுச் சாமான் என்று நினைத்து, தினமும் ஒரு விரல் எடுத்திருக்கிறார். அம்மா தன் கன்னத்துக்கு ஒரு நாளும் தவறவிடவில்லை. தினமும் பூசியதைத் திகதி போட்டு எழுதிய கொப்பி சாட்சி. மிஸ் புது டப்பா கொடுத்து அவரை வைத்துக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று, பெரிய உபகாரம் செய்கிற குரலில் சொன்னார்: “மனுசன்ட குதிக்கால் நல்லா வந்திருக்கு, பிள்ளை. வேணுமெண்டால் கூட்டிக்கொண்டு வாறன், அதையும் அளவுங்கோ.”

தொடாத டப்பா

ஒருவருக்குத் தோலில் அரிப்பு, இன்னொருவருக்கு லண்டனில் மகளின் பிரசவம், மற்றொருவர் வீட்டில் வெட்டிவேர் மணத்துக்குச் சண்டை. சரோஜாக்காவோடு நாலு பேர். ஆறாம் வாரத்தில் சரியாக இருபது பேர் மிஞ்சினார்கள். இனி ஒரு ஆள் போனாலும் பன்னிரண்டு வார உழைப்பும் வீண். மிஸ் அந்த ‘இருபது’ என்ற எண்ணைப் பலகையில் எழுதி வட்டம் போட்டு வைத்தார்.

அந்த வாரம் பிலோ அன்ரியின் டப்பாக்களை நிறுத்தேன். நீலம் குறைந்திருந்தது. சிவப்பு போன முறை இருந்த அதே நிறை. தராசில் பிழை என்று மறுபடி வைத்தேன், அதே எண். இரண்டு வாரம் வரை தவறினால் மன்னிப்பு உண்டு, அதற்கு மேல் இல்லை. அன்றே கேட்டிருந்தால் ஆளைக் காப்பாற்றியிருக்கலாம். நான் கேள்வியை வாய்க்குள் வைத்துக்கொண்டு அவர் எதிரில் இருபது நிமிடம் இருந்தேன். மணி அடித்தது. அளந்தேன், அனுப்பிவிட்டேன். உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும்: கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும், கேட்காமல் விட்டதற்கு மாதக்கணக்கு. படியில் இறங்கும்போது அன்ரி திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “நீ ஏதோ சொல்ல வந்த மாதிரி இருக்கு. பரவாயில்ல, அடுத்த முறை சொல்லு.”

தவக்காலம்

எட்டாம் வாரமும் சிவப்பு டப்பா அசையவில்லை. இந்த முறை கேட்டுவிட்டேன். பிலோ அன்ரி பிடிபட்ட பிள்ளை மாதிரி கைப்பையின் வாரைச் சுற்றினார். விபூதிப் புதன் முடிந்து தவக்காலம் தொடங்கியிருந்தது. வருசா வருசம் பாஸ்கா வரைக்கும், அதாவது ஈஸ்டர் வரைக்கும், பிடித்த ஒன்றை விட்டுவிடுகிறவராம். முன்பு இறைச்சியை விடுவார். இப்போது அதை டொக்டரே விடவைத்துவிட்டார். சீனியும் போய்விட்டது. தொலைக்காட்சி பழுது. விடுவதற்குப் பிடித்தது எது என்று வீடு முழுக்கத் தேடியிருக்கிறார். படுக்கப் போகும்போது சிவப்பு மூடியைத் திறந்தால் மழை விழுந்த மண் மாதிரி ஒரு மணம் வருமாம். அந்த வருசம் அவருக்குப் பிடித்தது அது ஒன்றுதான். அதையே கடவுளுக்குக் கொடுத்துவிட்டார்.

எந்த மூடியில் வெட்டிவேர் என்று என்னிடம் சொல்லக் கூடாது என்பதும் அவருக்கு மறந்துவிட்டது. சோதனை கெட்டுவிடும் என்று நான் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. பங்குச் சாமியாரிடம் சொல்லி விலக்கு வாங்கலாமா, இன்று முதல் இரண்டு தரம் பூசினால் சரியாகுமா என்றெல்லாம் கேட்டார். ஆகாது என்று தலையாட்டினேன். கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “வாசனைய விட ஏலுமாப் போச்சு, மகள். இங்க வாறத விட மனம் வரல்ல. அதுவும் விட்டிருக்கணுமா?”

இரண்டு குறிப்பு

அவர் போன பிறகு மேசையில் சிவப்பு டப்பாவும் நிறை எழுதுகிற கொப்பியும் நானும். நான்கு வாரம் பூசினால் எவ்வளவு குறையும் என்று எனக்குத் தெரியும். கரண்டியால் அவ்வளவையும் வழித்துக் குப்பையில் போட்டு, ஆறாம் வாரத்து எண்ணையும் திருத்திவிட்டால் தராசு சாட்சி சொல்லாது. பலகையில் இருபது இருபதாகவே இருக்கும். அன்ரியும் வருவார். டப்பாவுக்குள் கரண்டியை விட்டேன். வழித்தும் எடுத்தேன். எடுத்ததைக் குப்பையில் போடாமல் என் புறங்கையில் பூசி, முகக்கவசத்தை இறக்கி மணந்து பார்த்தேன். இத்தனை வாரம் அளந்த பொருளை அன்றுதான் மணக்கிறேன். அன்ரி சொன்னது சரி. மழை மண்ணேதான்.

அதற்குப் பிறகு பொய் எழுத வரவில்லை. கொப்பியில் இரண்டு குறிப்பு எழுதினேன்: இருபதாம் ஆள் நான்கு வாரமாக ஒரு பக்கம் பூசவில்லை, அளப்பவர் டப்பாவை மணந்துவிட்டார். மிஸ் இரண்டையும் வாசித்தார். பலகையில் இருபதை அழித்துப் பத்தொன்பது என்று எழுதினார். பத்தொன்பது போதுமா என்று கொம்பனிக்கு எழுதிக் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். (அவர்கள் இன்னும் பதில் போடவில்லை.) பிலோ அன்ரிக்கு நானே போன் எடுத்து, இனி வரத் தேவையில்லை என்று சொல்ல வேண்டும் என்றார். சொன்னேன். சரி மகள் என்றார் அன்ரி, அவ்வளவுதான். ரிசீவரை வைத்த என் கையைப் பார்த்துக்கொண்டு மிஸ் சொன்னார்: “உங்களுக்கு கதைக்கத்தான் தெரியாது எண்டு நினைச்சேன், நங்கி. ஒளிக்கவும் தெரியாது.”

பெரிய வியாழன்

பத்தாம் வாரம் வியாழக்கிழமை ஒன்பதரைக்குப் படியில் காலடிச் சத்தம். பட்டியலில் அந்த நேரத்துக்கு யாரும் இல்லை. பிலோ அன்ரி வெள்ளைச் சேலையில் நின்றார். பின்னேரம் கோயிலில் பெரிய வியாழன் பூசை இருக்கிறது, அதுவரைக்கும் வீட்டில் என்ன செய்வது என்று, நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார். டப்பா கொண்டு வரவில்லை. மிஸ் உள்ளறையில் இருந்து எட்டிப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்ரி வழக்கமான நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார். பழக்கத்தில் நான் மணியை இருபது நிமிடத்துக்குத் திருப்பினேன். பிறகுதான், அளக்கப் போவதில்லையே, எதற்கு இது என்று முகக்கவசத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன். பாம் மணம் விலகியது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கதைக்கக் கூடாது என்ற விதியை அவர்தான் முதலில் உடைத்தார்: “பத்து வாரமா என்ட முகத்த நீ பாத்தாய், மகள். உன்ட முகத்த இண்டைக்குத்தான் நான் பாக்கிறேன்.”

வெட்டிவேர் கன்னத்தை இறுக்குமா இல்லையா என்பதை அறிக்கை வந்தால் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் இத்தனை வாரமும் என் கையால் இழுத்து விட்டுப் பார்த்ததில் உடனே பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது அன்று ஒன்பதரை மணிக்குப் படியேறி வந்த பிலோ அன்ரி மட்டும்தான்.