கேப்டன் தேர்ந்தெடுத்த மைதானம்

ஸ்கூட்டர் சாவியை மண்ணில் குத்திப் பார்த்துத்தான் எங்கள் கேப்டன் எந்த மைதானத்தையும் எடைபோடுவார். கோல் கம்பங்களையோ புல்லின் நிறத்தையோ அவர் முதலில் பார்த்து நான் கண்டதில்லை. வண்டியை நிறுத்திவிட்டு நேராக நடுவில் போய்க் குந்தி உட்காருவார். துப்பட்டாவை இடுப்பில் இறுக முடிந்துகொண்டு, ஒரு கண்ணைச் சுருக்கி, சாவியின் நுனியைத் தரையில் வைத்து உள்ளங்கையால் அழுத்துவார். அது எவ்வளவு இறங்குகிறதோ அதுதான் அந்த இடத்துக்கு அவர் தரும் மதிப்பு. ஹைதராபாத்தில் எங்கள் கிளப்புக்கென்று ஒரு மைதானம் தேடி அலைந்த அந்த வெயில் காலத்தை நினைக்கும்போதெல்லாம், குனிந்த அந்தத் தலையும், வியர்வையில் கழுத்தோடு ஒட்டிய முடியும்தான் எனக்கு முதலில் தெரிகின்றன.

நான் கோவில்பட்டிக்காரி. கணினி வேலைக்காக ஹைதராபாத் வந்து ஏ.எஸ்.ராவ் நகரில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். தெரிந்தவர் யாரும் இல்லாத ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளை எப்படிக் கழிப்பது என்று தெரியாமல் இருந்தபோது, அலுவலகத்தில் ஒருத்தி பெண்கள் ரக்பி லீக் அணிக்கு ஆள் தேவை என்று என்னைக் கூட்டிப்போனாள். அதற்கு முன் அந்த ஆட்டத்தை நான் பார்த்ததுகூட இல்லை. முட்டை வடிவப் பந்து. ஒரு பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். எதிரிப் பக்கத்துக் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் புள்ளி. முன்னால் ஓட வேண்டும், ஆனால் கையால் பந்தைக் கொடுப்பதென்றால் பின்னால் வருகிறவளுக்குத்தான் கொடுக்கலாம். எதிரி உங்களை இடுப்போடு கட்டிப் பிடித்துத் தரையில் சாய்ப்பாள். எழுந்து, பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளி, மறுபடி ஓட வேண்டும். ஆக, இந்த ஆட்டத்தில் விழுவது விபத்து இல்லை, ஆட்டமே விழுவதும் எழுவதும்தான். அதனால் எந்த மண்ணில் விழுகிறோம் என்பது எங்களுக்குச் சின்ன விஷயமாக இருக்கவில்லை.

கேப்டன் மல்காஜ்கிரி ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்த குடும்பம். ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய பதக்கங்கள் அவருக்கு ரயில்வேயில் டிக்கெட் கவுண்டர் வேலையைத் தந்திருந்தன. அம்மா இல்லாத வீடு. ஓய்வுபெற்ற அப்பா, எட்டு வயது இளைய தங்கை, இவர். தங்கைக்குத் தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, சைக்கிள் பழக்கியது எல்லாம் இவர்தான். ஆட்டத்துக்கு அழைத்து வந்ததும் இவர்தான். தங்கை ஓரத்தில் ஓடுகிறவள். பந்து கைக்கு வந்துவிட்டால் அவளை யாராலும் பிடிக்க முடியாது. காற்றில் விட்ட காகிதம்போல, எந்தப் பக்கம் திரும்புவாள் என்றே தெரியாது. தமிழ் நன்றாகப் புரியும், ஆனால் நாம் தமிழில் கேட்டால் அவள் பாதி தெலுங்கிலும் பாதி ஹிந்தியிலும் பதில் சொல்வாள். அக்காவிடம் மட்டும் தமிழில் சண்டை போடுவாள்.

நாங்கள் பயிற்சி செய்தது காலனியை ஒட்டிய திறந்தவெளியில். செம்மண், சரளைக்கல், மாட்டுக் குளம்புகள் பட்டு இறுகிப்போன தரை. மதில் ஓரமாக நாற்காலி போட்டுக்கொண்டு கேப்டனின் அப்பா உட்கார்ந்திருப்பார். பெண்கள் கட்டிப் புரள்வதை முதலில் முகம் சுளித்துப் பார்த்தவர், பிறகு சின்ன மகள் ஓடும்போது நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார். அணியில் பாதிப் பேர் அந்தக் காலனிப் பெண்கள். பால்கனியிலிருந்து அம்மாக்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், அதனால் யாருக்கும் வீட்டில் தடை இல்லை. மற்றவர்கள் என்னைப் போலக் கம்பெனிகளிலும், போலாரத்துப் பட்டாளக் குடும்பங்களிலும் இருந்து வந்தவர்கள்.

அந்த ஆண்டு லீக் போட்டியில் சேர முடிவு செய்தோம். சேர வேண்டுமானால் கிளப்புக்கு ஒரு சொந்த மைதானம் இருக்க வேண்டும், மற்ற அணிகள் அங்கே வந்து நம்மோடு ஆட வேண்டும் என்றார்கள். காலனி மைதானமே போதும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. பயிற்சி ஆட்டத்தில் கேப்டன் ஒரு பக்கம், தங்கை எதிர்ப்பக்கம். தங்கை பந்தோடு ஓரத்தில் பறந்து வந்தாள். கேப்டன் குறுக்கே ஓடி, முறைப்படி, இடுப்புக்குக் கீழே கட்டிச் சாய்த்தார். குற்றம் சொல்ல எதுவும் இல்லாத பிடி. ஆனால் தங்கையின் தோள் முதலில் தரையில் பட்டது. காய்ந்த குச்சியை ஒடிப்பதுபோல் ஒரு சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. காறை எலும்பு முறிந்திருந்தது.

தங்கை அழவில்லை. கேப்டன்தான் அவளைத் தூக்கி உட்கார வைத்தபடி, "பாப்பா, பாப்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய பெண்ணை அவர் அப்படிக் கூப்பிட்டு நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அடுத்த வாரத்திலிருந்து மைதானம் பார்க்கும் வேலை தொடங்கியது. கிளப்பின் செயலாளர் என்ற பெயர் எனக்கு இருந்ததால், அவர் ஸ்கூட்டரின் பின் இருக்கை எனக்கு வாய்த்தது. முதலில் பார்த்தது ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு பள்ளி மைதானம். என் அறையிலிருந்து நடந்தே போகலாம். சாவி பாதி இறங்கியது. ஆனால் நீளம் போதவில்லை. மூலையில் ஒரு சிமென்ட் மேடை துருத்திக்கொண்டிருந்தது. "ஓரத்துல ஓடறவ நேரா அது மேலதான் போயி விழுவா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். வேறு சில இடங்களையும் பார்த்தோம். ஒன்றில் உடை மாற்ற இடம் இல்லை, இன்னொன்றில் சுற்றிலும் கடைகள், வேடிக்கை பார்க்கும் கூட்டம்.

கடைசியாகப் போலாரம். பட்டாளப் பகுதியைத் தாண்டி, பழைய பங்களாக்களுக்கு நடுவில், பெரிய மழைமரங்கள் சுற்றி நிற்கும் மைதானம். அதைப் பராமரித்துவந்த ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர், பெண்கள் என்றதும் முதலில் கழிப்பறையையும் உடை மாற்றும் அறையையும்தான் திறந்து காட்டினார். கேப்டன் நடுவில் போய் உட்கார்ந்தார். சாவி பிடி வரைக்கும் இறங்கியது. அவர் அதை வெளியே எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். கிட்டே போனபோது, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இங்க விழுந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது" என்றார்.

முடிவு எடுக்கும் கூட்டம் காலனி மைதானத்திலேயே நடந்தது. கட்டுப்போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு தங்கையும் வந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். காலனிப் பெண்கள் மல்காஜ்கிரி என்றார்கள். வெளியிலிருந்து வருகிறவர்கள் போலாரம் என்றோம். இரண்டு பக்கமும் சரிசமமாக இருந்தது. எல்லோரும் கேப்டனைப் பார்த்தோம். தன் காலனிக்குத்தான் சொல்வார் என்று அவர்கள் நம்பினார்கள்; உண்மையில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"போலாரம்" என்றார்.

தங்கைதான் எழுந்தாள்.

"என்னைக் கேட்டியாக்கா நீ?"

"உன் தோளு சொல்லிச்சி. அது போதும்."

"விழுந்தது நானு. எனக்கே பயமில்ல, உனக்கு எதுக்கு பயம்?"

"இந்தக் கல்லுல இனிமே யாரையும் நான் சாய்க்க மாட்டேன் பாப்பா. என்னால முடியாது."

"அப்பா என்னை அவ்ளோ தூரம் விடமாட்டாரு. தெரியும்ல உனக்கு?"

"நான் பேசறேன் அவருகிட்ட."

பேசவும் செய்தார். அன்று மாலையே என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினார். அப்பா கத்தவில்லை. கோபக்காரரும் இல்லை அவர். நாற்காலியை மடித்துக்கொண்டே சொன்னார். "நீ வேலைக்குப் போறவ, உன் கதை வேற. சின்னவ என் கண்ணுக்கு எட்டுற இடத்துல ஆடட்டும்மா. இல்லாட்டி ஆட்டமே நக்கோ, வேணாம். அம்மா இல்லாத பொண்ணு, எனக்கு வேற தெரியல." கேப்டன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், தானே வண்டியில் கூட்டிப்போய்க் கூட்டி வருவதாகச் சொன்னார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அது சம்மதமில்லை என்பது போகப் போகத்தான் எங்களுக்குப் புரிந்தது. கை சரியானபின்னும் தங்கை போலாரத்துக்கு ஒரு நாளும் வரவில்லை. ஒவ்வொருத்தியாகக் காலனிப் பெண்களும் நின்றுபோனார்கள். பால்கனியிலிருந்து பார்க்க முடியாத ஆட்டத்துக்கு மகள்களை அனுப்ப அந்த வீடுகள் தயாராக இல்லை.

அப்படியாக எங்களுக்கு ஒரு நல்ல மைதானம் கிடைத்தது, அணியில் பாதி போய்விட்டது. புதிய பெண்களைச் சேர்த்தோம். கேப்டன் தன் வீட்டிலேயே அந்நியரானார். தங்கை பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரே அறையில் படுத்து எழுந்தவர்கள், குழம்பு வேண்டுமா என்பதைக்கூட அப்பா வழியாகக் கேட்டுக்கொண்டார்கள். இதையெல்லாம் கேப்டன் என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

போலாரத்தில் முதல் ஆட்டத்தில் ஜெயித்த அன்று எல்லோரும் ஒருவரை ஒருவர் தூக்கிக் கொண்டாடிக்கொண்டிருந்தோம். கேப்டன் மட்டும் இடது ஓரத்தில் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நம்ம சின்னது இருந்தா இந்த ஓரத்துல இன்னிக்கி மூணு வாட்டி கோட்டைத் தாண்டியிருக்கும்" என்றார். காலனி மைதானத்தையே வைத்துக்கொண்டிருக்கலாமோ என்று மெல்லக் கேட்டேன். "இல்ல. இன்னொரு வாட்டி கேட்டாலும் போலாரம்தான் சொல்லுவேன். அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்குது. அவளுக்குன்னு பார்த்துத்தான் எடுத்தேன். அவளையே வெளிய விட்டுட்டேன் பாரு." பிறகு எழுந்து, மற்றவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டார்.

மனிதர்கள் தவறாக முடிவெடுத்து வருந்துவதை நிறையப் பார்த்திருக்கிறேன். சரியாக முடிவெடுத்துவிட்டு அதற்காகவே வருந்திக்கொண்டிருந்தவர் என்று எனக்குத் தெரிந்து கேப்டன் ஒருவர்தான். அந்த வருத்தத்துக்கு மருந்து இல்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்றால் செய்தது தப்பில்லை. தப்பில்லை என்று ஆறலாம் என்றால் எதிரில் தங்கை இருக்கிறாள்.

தங்கைக்குக் குந்தக்கல்லில் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளையும் ரயில்வே. மணமேடையில் அக்காவின் காலில் விழுந்து எழுந்தாள். நிமிர்ந்து முகம் பார்க்கவில்லை. கேப்டன் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் போலாரத்தில் ஆடினார். முழங்கால் ஒத்துழைக்காமல் போன பிறகு பயிற்சி கொடுத்தார். போன மழைக்காலத்தில் டெங்கு வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று கவுண்டருக்கே போய்க்கொண்டிருந்தவர், ஒரு வாரத்துக்குள் போய்விட்டார். தங்கை வந்து சேர்ந்தபோது அவருக்கு நினைவில்லை. மருத்துவமனையில் கட்டிலின் ஓரத்தில் நின்று அவள் ஏதோ, தமிழில்தான் இருக்கும், சொல்லிக்கொண்டே இருந்ததை நான் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்தேன். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது.

மழை ஓய்ந்தபின் கேப்டன் நினைவாகப் போலாரத்தில் ஓர் ஆட்டம் வைத்தோம். அப்பாவுக்கும் தங்கைக்கும் சொல்லியிருந்தேன். வருவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அப்பாவால் இப்போது நடக்க முடியாது. ஆட்டம் தொடங்கும் நேரத்தில் மரங்களுக்கு நடுவில் தங்கை தனியாக நடந்து வந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள். நடையில் மட்டும் அந்தப் பழைய துள்ளல் ஒட்டிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அக்கா எங்கே நின்று ஆடுவாள் என்று கேட்டாள். நடுப்பகுதியைக் காட்டினேன். இடது ஓரத்தைக் காட்டி, "அங்க?" என்றாள். அங்கே பல பேர் மாறி மாறி ஆடினார்கள், யாரும் நிலைக்கவில்லை என்றேன்.

ஆட்டம் முடியும்வரை, யாராவது விழும்போது அவள் கை தானாகத் தன் தோளுக்குப் போய்த் திரும்பியது. விழுந்தவர்கள் எழுந்தார்கள், மண்ணைத் தட்டிவிட்டு ஓடினார்கள். ஈரப் புல்லில் அவர்கள் விழும் சத்தம்கூட எங்களுக்குக் கேட்கவில்லை.

பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, எப்படி வந்தாய், ஆட்டோவா என்று கேட்டேன்.

"ரயில்லதான். மல்காஜ்கிரில ஏறினேன்." இந்த முறை அவள் என்னிடமும் தமிழிலேயே பேசினாள். "எதிர்ல ஒரு அம்மா மடியில பச்சைப் பட்டாணி வெச்சி உரிச்சிக்கிட்டு வந்தாங்க. அவங்க பாதிகூட உரிக்கலக்கா. போலாரம் வந்துடுச்சி."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னக் குழந்தை கேட்பதுபோல் கேட்டாள்.

"இவ்ளோ கிட்டத்துலதான் இருந்துச்சா?"