இடப்பக்கம், மூன்றாவது சன்னல்

பஸ் கண்டக்டருக்கு டிக்கெட் கிழிப்பது சின்ன வேலை. சன்னலோரம் யாருக்கு என்று தீர்ப்பு சொல்வதுதான் பெரிய வேலை. ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவில், காஜா பெராங்கிலிருந்து செமாபோக் போகும் பஸ்ஸில் நான் கண்டக்டர். டிரைவர் ஹமீது நானா அடிக்கடி ஒன்று சொல்வார்: "சன்னல் கேட்டு வர்றவன் ஒன்னு யாரையாச்சும் பார்க்கணும், இல்லாட்டி..." மீதி மறந்துவிட்டது.

போன மாதம் மதராஸ் விமான ஆபீசில் ஒருவர், "இறக்கைக்கு முன்னால், இடப்பக்கம் உட்கார்ந்தால் மலாயாக் கரை அழகாகத் தெரியும் சார். ஆனால் அங்கே ஒரு சன்னல்தான் மிச்சம்" என்றார். நாங்கள் இரண்டு பேர். யாருக்கு அந்தச் சன்னல்? கண்டக்டர் வேலையில் நொந்த சகோதரர்களே, எனக்கு நம் பழைய பஸ்தான் ஞாபகம் வந்தது.

கடல் பார்த்த முதலாளி

அப்போது பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் பின்னால் வலது மூலையில் ஒரு கரி அடுப்பு. வண்டி ஓடுவதே அதன் தயவில்தான், அதுவும் ஓடினால். ஜாலான் பெண்டஹாரா தெருத் துணிக்கடை முதலாளி ஒருவர், கடல் தெரிகிற சன்னல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார். கடல் வலப்பக்கம். காலியாக இருந்த ஒரே சன்னல், அடுப்புக்கு முந்திய வரிசை.

சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. வழியெல்லாம் தீப்பொறி. இறங்கும்போது சட்டையை விரித்துக் காட்டினார்: "கடலு நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. அதுக்காக என் சட்டையிலயும் இத்தனை சன்னல் வைக்கணுமா?"

மரியாதை தெரியாத பயணி

செமாபோக் பெரியம்மா ஒருவர் தன் சேவலை விற்கப் புறப்படுவார். விற்க மனசில்லாமல் திரும்பக் கொண்டுவருவார். இரண்டு பயணத்திலும் சேவலுக்குச் சன்னல் வேண்டும். வெளியே தெரியாவிட்டால் கூவி ஊரைக் கூட்டிவிடுமாம்.

சோதனைச் சாவடியில் எல்லாரும் இறங்கி ஜப்பான் சிப்பாய்க்குக் குனிந்து வணக்கம் வைக்க வேண்டும். வைத்தோம். சிப்பாய் நிமிர்ந்து பார்த்தான். சேவல் சன்னல் வழியாக அவனைக் குனிந்து பார்த்தது. என்ன நினைத்தானோ, போகச் சொல்லிக் கையசைத்தான். ஏறி உட்கார்ந்த பெரியம்மா சொன்னார்: "நாம எல்லாம் முதுகு ஒடியக் குனியுறோம், இது மட்டும் துரை மாதிரி உட்கார்ந்து வருது. திமிரைப் பாரேன்!"

பெண் பார்த்த படலம்

பெண் பார்க்கப் போனால் பெண் வீட்டார் கேசரியும் காப்பியும் வைக்க வேண்டும். சீனியைக் கண்ணால் பார்க்க முடியாத காலம். யாருக்கும் சங்கடம் வேண்டாமென்று என் சித்தப்பா ஓர் ஏற்பாடு செய்தார். செமாபோக்கில் பெண் வேலியோரம் நிற்கும். நான் பஸ்ஸில் போகிற போக்கில் பார்த்துவிட்டு, சரியா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும்.

லீவு போட்டு, வெள்ளைச் சட்டையில், பயணியாக ஏறினேன். இடப்பக்கம், மூன்றாவது சன்னல். புகை வராது, பொறி வராது, வேலி முழுசாகத் தெரியும். என் தொழில் அறிவு மொத்தமும் அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தது.

பெண் வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஏற்றத்தில் வண்டி நின்றது. அந்த இடத்தில் எல்லாரும் இறங்கித் தள்ளுவதுதான் வழக்கம். "மாப்பிள்ளை, நீ இறங்காத லா, உட்காரு!" என்றார் நானா. ஆனால் அன்றும் சேவலோடு வந்திருந்த பெரியம்மாவே அதை என் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ள இறங்கிவிட்டார். அவர் தள்ள, நான் சவாரி போவதை அந்தப் பெண் பார்த்தால்? இறங்கினேன். கிடைத்த இடம் அடுப்போரம். குனிந்து தள்ளியதில் வேலி தெரியவில்லை, பெண் தெரியவில்லை. பஸ்ஸின் பின்புறம் மட்டும் நன்றாகத் தெரிந்தது. மூன்றாவது சன்னலில் சேவல் பெண் பார்த்துக்கொண்டே போனது.

சாயங்காலம் சித்தப்பா பெண் வீட்டிலிருந்து வந்தார். பெண் சொன்னதை அப்படியே சொன்னார்: "சன்னல்ல வந்த மாப்பிள்ளைக்குக் கொண்டை நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்குப் பின்னாடி தள்ளிக்கிட்டு வந்த கரிமூஞ்சி போதும்."

பெண்ணைப் பார்க்காமலே சரி சொன்ன நான், மதராஸில் மிச்சமிருந்த அந்த ஒரே சன்னலை அவளுக்கு எடுத்தேன்.