கதவு ரப்பர் அக்காவுக்கு ஒரு சிபாரிசு

அவரை எல்லாரும் கம்ப்ரசர் என்றுதான் கூப்பிடுவார்கள். பிரிட்ஜ் மெக்கானிக். இருபத்தெட்டு வருஷமாக அடுத்தவர் வீட்டுச் சமையலறைத் தரையில் குப்புறப் படுத்தே காலத்தை ஓட்டியவர். ஸ்க்ரூ டிரைவரின் முனையை மோட்டார்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, "இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்" என்பார். ஓடும். மனிதர்கள் விஷயத்தில் மட்டும் அந்தக் காது கொஞ்சம் மந்தம்.

அந்த வேலையில் இருபது நிமிஷம் சும்மா இருந்தாக வேண்டிய நேரம் ஒன்று உண்டு. குழாய்க்குள் இருக்கும் காற்றை ஒரு பம்ப் உறிஞ்சி வெளியே தள்ளும். அது முடிகிறவரை மெக்கானிக்குக்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் வேலை. மற்றவர்கள் அந்த நேரத்தில் டீ குடிப்பார்கள், கதை அடிப்பார்கள். இவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அன்றைக்குப் பார்த்த கோளாறைக் கட்டைவிரலாலேயே போனில் எழுதுவார். இப்படி வளர்ந்ததுதான் 'குளிரவில்லையா?' என்கிற அவருடைய வலைப்பூ. "ஊரான் வீட்டு பிரிட்ஜைப் பத்தி எழுத நேரம் இருக்கு. நம்ம வீட்டு பிரிட்ஜ் ஆறு மாசமா தண்ணி விடுது" என்று மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அவள் சொன்னதிலும் பொய் இல்லை.

பதிவுக்குக் கீழே வந்து கருத்து எழுதுகிறவர்கள் தங்கள் பெயரோடு தங்கள் பக்கத்தின் சுட்டியையும் விட்டுப் போவார்கள். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்குச் சுட்டி கொடுத்தால் தேடுபொறி அதை ஒரு சிபாரிசாக எடுத்துக்கொள்ளும். நாலு பேர் சிபாரிசு செய்த பக்கத்தை மேலே தூக்கிக் காட்டும். ஆனால் கருத்துப் பெட்டியில் வரும் சுட்டிகளுக்கு அந்தச் சிபாரிசு போய்ச் சேராது. 'இதைப் பின்தொடராதே' என்று தேடுபொறிக்கு மட்டும் தெரிகிற ஒரு குறிப்பு தானாகவே ஒட்டிக்கொள்ளும். கம்ப்ரசருக்கு அது பிடிக்கவில்லை. வேலை மெனக்கெட்டு வந்து பேசுகிறவனுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்று, அந்தக் குறிப்பைத் தேடிப்பிடித்து எடுத்தார். எடுத்ததோடு விட்டாரா? கருத்துப் பெட்டிக்குக் கீழே ஒரு வரியும் எழுதி வைத்தார்: 'இங்கே வந்து பேசுகிறவர்களுக்கு என் சிபாரிசு உண்டு.'

அந்த வரியைப் பார்த்து வந்தவர்தான் ரப்பர் அக்கா. வேறு ஏதோ ஊரில் வீட்டு முன்னறையில் ரப்பர் மூலைகளைச் சூடாக்கி ஒட்டுகிற ஒரு அச்சு வைத்துக்கொண்டு, பழைய பிரிட்ஜ்களுக்குக் கதவு ரப்பர் வெட்டி ஒட்டித் தபாலில் அனுப்புகிறவர். கம்பெனிக்காரர்கள் கைகழுவிவிட்ட மாடலுக்கெல்லாம் அவரிடம் அளவு இருந்தது. ஒன்பது வருஷம், அநேகமாக ஒரு பதிவு விடாமல் எழுதினார். 'தம்பி, ரப்பர் மடிஞ்சு வந்தா தூக்கிப் போடச் சொல்லாதீங்க. வெந்நீர்ல பத்து நிமிஷம் போட்டா நேராயிடும்.' 'தம்பி, உள்ள டார்ச்சைப் போட்டு வச்சுக் கதவைச் சாத்திட்டு லைட்டை அணைங்க. எங்க வெளிச்சம் தெரியுதோ அங்கதான் ஓட்டை.' பதிவைவிட அவருடைய கருத்துக்காகவே வந்து படிக்கிற மெக்கானிக்குகள் இருந்தார்கள். கம்ப்ரசரின் பக்கம் கொடுத்த சிபாரிசில் அக்காவின் பக்கம் தேடலில் முதல் வரியிலேயே நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

திறந்த வீடு என்றால் யார் யாரோ நுழையத்தான் செய்வார்கள். 'அருமையான பதிவு, பயனுள்ள தகவல்' என்று ஆரம்பித்துத் தொப்பை குறைக்கிற மாத்திரைக்குச் சுட்டி வைத்தார்கள். முடி வளர்கிற எண்ணெய், ஜாதகம், சூதாட்டம் என்று ஒரு சந்தையே கூடிவிட்டது. கம்ப்ரசர் காலையில் எழுந்து முதல் வேலையாக அதையெல்லாம் களையெடுப்பார். மத்தியானத்துக்குள் மறுபடி முளைத்திருக்கும். கண்டவனுக்கெல்லாம் சிபாரிசு செய்கிற ஆளைத் தேடுபொறி மதிக்குமா? 'குளிரவில்லையா?' சரசரவென்று கீழே இறங்கியது. தன் பெயரிலேயே தேடினாலும் கிடைக்காத நிலைமை வந்தபோதுதான் மனைவியின் தம்பியிடம் சொன்னார். அவன் இணையதளம் அமைத்துக் கொடுக்கிறவன்.

அவன் போன் செய்தபோது கம்ப்ரசர் ஒரு கடையில் ஐஸ்கிரீம் பெட்டிக்குப் பின்னால் படுத்திருந்தார். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில்.

"அத்தான், கமெண்ட்ல வர்ற லிங்க் எல்லாத்துக்கும் அந்தக் குறிப்பைத் திரும்பப் போட்டுடறேன். ஒரு டிக்தான். பழைய கமெண்டுக்கும் சேர்த்து விழும்."

"போடு மாப்ளே. தலைவலி விட்டுது."

"நம்பிக்கையானவங்கன்னு ஒரு லிஸ்ட் இருக்கு. அதுல பேரைச் சேர்த்தா அவங்களுக்கு மட்டும் சிபாரிசு போகும். யாரையாவது விட்டுவைக்கணுமா அத்தான்?"

ஒரு நட்டு கழலாமல் அடம்பிடித்துக்கொண்டிருந்தது. "ஆளுக்கு ஒரு நியாயமெல்லாம் எதுக்கு? எல்லாருக்கும் போட்டுரு" என்றார் கம்ப்ரசர். நியாயஸ்தன் மாதிரி பேசிவிட்டோம் என்று அந்த நேரத்தில் அவருக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. உண்மையில் யோசிக்கச் சோம்பல், அவ்வளவுதான்.

மூன்றே மாதத்தில் பக்கம் பழைய இடத்துக்கு வந்தது. மாத்திரைக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். ரப்பர் அக்காவின் கருத்துகளும் மெல்லக் குறைந்தன. வாரத்துக்கு ஒன்று வந்தது, மாதத்துக்கு ஒன்று ஆயிற்று. பிறகு 'நல்லா இருக்கு தம்பி' என்று மூன்றே வார்த்தை. அதற்குப் பிறகு அதுவும் இல்லை. அக்காவுக்கு வேலை அதிகம்போல என்று கம்ப்ரசர் நினைத்துக்கொண்டார். ஒரு மோட்டார் இப்படிச் சத்தம் குறைந்துகொண்டே போனால் என்ன அர்த்தம் என்று உலகத்துக்கே எழுதிச் சொல்கிற மனிதர் அவர்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு ரிட்டயர்டு நர்ஸின் வீட்டுக்குப் போனார். பழைய ஒற்றைக் கதவு பிரிட்ஜ். ரப்பர் நாலு பக்கமும் வெடித்திருந்தது. "இதுக்கு ஒரே ஒரு இடத்துலதான் கிடைக்கும்மா" என்று பெருமையோடு போனை எடுத்துத் தேடினார். முதல் பக்கத்தில் அக்கா இல்லை. இரண்டாவதில் இல்லை. ஆறாவது பக்கம்வரை விரல் தேயத் தள்ளியும் இல்லை. கடைசியில் தன் பதிவிலேயே அக்கா எப்போதோ விட்டுப்போன நம்பரைக் கண்டுபிடித்து, நர்ஸ் வீட்டுப் படியில் நின்றுகொண்டு கூப்பிட்டார்.

"அக்கா, நான் குளிரவில்லையா பேசறேன்."

"தம்பியா? குரல் நான் நினைச்ச மாதிரியே இருக்கு." அக்கா சிரித்தார். பின்னணியில் யாரையோ டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். "ரப்பர் வேலையை விட்டுட்டேன் தம்பி. யாரும் தேடி வர்றதில்ல. அச்சையும் கொடுத்தாச்சு."

"ஏன்க்கா, என்ன ஆச்சு?"

"திடீர்னு என் பக்கம் எங்கயோ போயிடுச்சு. என்னன்னு என் பொண்ணு தோண்டிப் பார்த்தா. உங்க பக்கத்துல என் பேரை ஒட்டி 'பின்தொடராதே'ன்னு எழுதியிருக்குன்னு சொன்னா."

கம்ப்ரசர் அவசரமாகக் குறுக்கிட்டார். "அக்கா, அது உங்களைச் சொன்னதில்ல. மெஷினுக்குச் சொல்றது. எல்லாருக்கும் பொதுவாப் போட்டது..."

"தெரியும் தம்பி. அவளும் அதையேதான் சொன்னா. மாத்திரைக்காரனுக்கும் எனக்கும் பொதுவா." குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பார். "கீழ இன்னும் அந்த வரி இருந்துச்சா, அதான் ஒண்ணும் புரியல. இங்கே வந்து பேசுகிறவர்களுக்கு என் சிபாரிசு உண்டுன்னு."

அந்த வரியை எடுக்க அவர் மறந்தே போயிருந்தார். இரண்டு வருஷமாக அது அங்கேயே நின்று, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் அவர் பெயரில் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா."

"சிபாரிசைப் போய்க் கேட்டு வாங்குவாங்களா தம்பி?" என்றார் அக்கா. பிறகு அவரே பேச்சை மாற்றி, "என்ன மாடல் சொல்லுங்க" என்றார். கம்ப்ரசர் சொன்னார். அகலம், உயரம், காந்தப் பட்டையின் தடிமன் எல்லாவற்றையும் அக்கா மனப்பாடமாக ஒப்பித்தார். "இந்த அளவைக் காட்டி எங்கயாவது வெட்டித் தரச் சொல்லுங்க. மூலையில மட்டும் நல்லா ஒட்டணும்." டோக்கன் நம்பர் மறுபடி கேட்டது. அக்கா போனை வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலமே கம்ப்ரசர் அந்த வரியை அழித்தார். நம்பிக்கையானவர்கள் பட்டியல் எங்கே இருக்கிறது என்று தானே தேடிக் கண்டுபிடித்து, ரப்பர் அக்காவின் பெயரைச் சேர்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு ஒன்பது வருஷத்துக் கருத்துகளில் ஒன்றைத் திறந்து அக்காவின் சுட்டியை அழுத்திப் பார்த்தார். அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வந்தது. இன்னொன்றை அழுத்தினார். அதுவும் அப்படித்தான்.

"என்னங்க, ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றாள் மனைவி.

"ஒருத்தங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டேன்" என்றார். அவள் கேலி செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அடுத்த மாதம் மச்சினன் பக்கத்தைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தான். எங்கேயும் போய்ச் சேராத செத்த சுட்டிகள் நிறையத் தேங்கிவிட்டன, இப்படி விட்டால் பக்கத்துக்குத்தான் கெட்ட பேர், மொத்தமாக எடுத்துவிடுகிறேன் என்றான். விரலை மவுஸில் வைத்துக்கொண்டு, வழக்கம்போலக் கேட்டான்.

"யாரையாவது விட்டுவைக்கணுமா அத்தான்?"

"ஒருத்தங்களை" என்றார் கம்ப்ரசர்.