மலிவுத் தோட்டாவும் மச்சானின் உயிரும்

ரெய்னோ சால்மேலாவின் முகத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தால், அவன் இதுவரை வாங்கிய மலிவுத் தோட்டாக்களை வரிசையாகச் சொல்லிவிடலாம். வலது புருவம் கிடையாது. இடது கன்னத்தில் மரச் சிலாம்பு ஏறிய தழும்பு. மேல்வரிசையில் ஒரு முன்பல் காலி. இத்தனைக்கும் அவன் எந்தப் போருக்கும் போனவனில்லை. மர லாரி ஓட்டுகிறவன்.

சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் மிச்சிகன் ஊரில் முக்கால்வாசிப் பேர் பின்லாந்து வம்சம். குளிரையும் கோபத்தையும் கப்பலில் கூடவே கொண்டுவந்த எங்கள் முன்னோர், பேச்சை மட்டும் அங்கேயே விட்டுவிட்டார்கள். அதனால் இங்கே வாய்ச்சண்டை அரிது. நேரே அடுத்த கட்டம்தான்.

ரெய்னோவின் துப்பாக்கிக்கும் ஏறக்குறைய அதே வம்சாவளி. செய்தவன் ரஷ்யாக்காரன். பனிக்காலப் போர் ஒன்றில் ரஷ்யச் சிப்பாய் ஒருவனைக் கொன்று அதைப் பிடுங்கி, புதுக் குழல் மாட்டித் தன் முத்திரையைக் குத்தியவன் பின்லாந்துக்காரன். எந்த ராணுவத்துக்கும் வேண்டாம் என்று கழித்துக்கட்டிய பிறகு கடல் தாண்டி வந்து, எங்கள் பண்ணைக்கடையில் மண்வெட்டிகளுக்குப் பக்கத்தில் பீப்பாய்க்குள் சொருகிக் கிடந்தது. ஒரு ஜோடி பூட்ஸ் விலைக்குக் கொடுத்தார்கள். யானையை இனாமாகக் கொடுத்தவன் தீனியைப் பற்றி வாய் திறக்காத கதைதான். அன்றிலிருந்து ரெய்னோ தேடியது ஒன்றே ஒன்று: மலிவாகவும் இருக்க வேண்டும், குழலைக் கெடுக்காமலும் இருக்க வேண்டும், அப்படி ஒரு தோட்டா.

இரண்டும் சேர்ந்து வராது. பழைய ராணுவத் தோட்டா மலிவு. பச்சைத் தகர டப்பாவில் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். ஆனால் அதன் அடியில் இருக்கும் பொட்டுமருந்து, வெடித்தபின் குழலுக்குள் உப்பைப் படியவிடும். உப்பு ஈரத்தைக் கூப்பிடும், ஈரம் துருவைக் கூப்பிடும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் மேலே பளபளப்பு, உள்ளே அரிப்பு. கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால்தான் உப்பு கரையும். புதுத் தோட்டா சுத்தம், ஆனால் விலையைக் கேட்டால் மான் தானாகவே பிழைத்துக்கொள்ளும்.

நடுவழி ஒன்று இருக்கும் என்று ரெய்னோ நம்பினான். முதலில் அரக்குப் பூசிய இரும்புத் தோட்டா வாங்கினான். சுட்ட சூட்டில் அரக்கு உருகி, காலித் தோட்டாக்கூடு குழலின் அடி அறைக்குள் ஒட்டிக்கொண்டது. துப்பாக்கியின் தாழ்ப்பாளைத் திறக்க விறகுக்கட்டையால் அடித்தான். நான்காவது அடியில் கட்டை எகிறித் திரும்பி வந்தது. பல் போன கதை அதுதான். அடுத்து, துப்பாக்கிச் சந்தையில் ஒருவன் வீட்டில் அடைத்து விற்ற தோட்டா. மருந்தை அவன் தாராள மனசோடு போட்டிருந்தான். சுட்டதும் துப்பாக்கியின் அடித்தட்டு பிய்த்துக்கொண்டு போய், அதன் மரக்கட்டை பிளந்து, புருவம் கருகி, கன்னத்தில் விரல் நீளச் சிலாம்பு நின்றது. ரெய்னோ அதைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, விற்றவனைத் தேடி அடுத்த மாவட்டத்துச் சந்தைவரை போனான். அந்தச் சிலாம்பை அதே நீளத்துக்கு அவன் கன்னத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. விற்றவன் பிறகு மேப்பிள் பாகு விற்கப் போய்விட்டது உண்மை.

கடைசியில் செத்துப்போன ஒரு கிழவரின் கொட்டகையை ஏலம் விட்டபோது ஆறு டப்பா கிடைத்தன. மழை ஒழுகிய கூரைக்குக் கீழே எத்தனையோ வருஷம் கிடந்தவை. உப்பு உண்டு, கூடவே ஒரு தனிக் குணமும் உண்டு. விசையை இழுத்தால் சில சமயம் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வரும். ஒரு மூச்சு விடுகிற நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு வெடிக்கும். எங்கள் சுடுதளத்தில் அதற்கு 'யோசிக்கும் தோட்டா' என்று பேர். யாருடைய துப்பாக்கியாவது டிக்கென்றால் வரிசை முழுக்கப் பேச்சு நின்றுவிடும். சுட்டவன் அசையக்கூடாது. குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்க வேண்டும், தோட்டா ஒரு முடிவுக்கு வரும்வரை. பொறுக்காமல் திறந்து பார்த்தவன் ஒருவன் இன்று இடது கையால் மீன் பிடிக்கிறான். அதனால் ரெய்னோ வேறு எந்த விதியை மீறினாலும் இதை மீறமாட்டான். டிக் என்றதும் கல்லாகிவிடுவான்.

சனிக்கிழமை சுட்டுவிட்டு வந்தால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சவுனா என்கிற நீராவிக் குளியலறையில் துப்பாக்கிக்குத்தான் முதல் குளியல். கல்லடுப்பில் கொதிக்கும் தண்ணீரைக் குழலுக்குள் ஊற்றி, அது காயும்வரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் மனைவி ஐலி வெளியே குளிரில் துண்டோடு நிற்பாள். ஒருமுறை அவள் பொறுமையிழந்து இரும்பு அகப்பையை வீசியதில் அவன் காது மூன்று வாரம் கேட்கவில்லை. அதில் அவனுக்குப் பெரிய நஷ்டம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஐலியின் அண்ணன் வெர்ன் ஹாக்கலா. காப்பீடு விற்கிறவன். விலையுயர்ந்த துப்பாக்கி, விலையுயர்ந்த தோட்டா, சுட்டபின் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான் அவன் வேலை. ரெய்னோவின் பிறந்தநாளுக்கு அவன் துப்பாக்கிக்கே பொருந்துகிற புத்தம் புதுத் தோட்டாப் பெட்டி ஒன்றை ரிப்பன் கட்டிக் கொடுத்தான். உப்பு இல்லை, யோசனை இல்லை, இழுத்தால் வெடிக்கும். ரெய்னோ நன்றி சொன்னான். பெட்டியை அலமாரியில் வைத்தான். ரிப்பனைக்கூட அவிழ்க்கவில்லை.

மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின வாரம் ரெய்னோ காட்டு முகாமில் மரம் ஏற்றிக்கொண்டிருந்தான். வெர்னின் துப்பாக்கியில் தொலைநோக்கி உடைந்திருந்தது. அவன் ரெய்னோவின் துப்பாக்கியையும் திறந்திருந்த டப்பாவிலிருந்து ஒரு பிடி தோட்டாவையும் எடுத்துப்போய்க் கரடி ஒன்றைச் சுட்டான். முதல் குண்டு வயிற்றில் பாய்ந்தது. கரடி குடலை இழுத்துக்கொண்டு கால் மைல் ஓடி, திரும்பி நின்று, வெர்ன் கூட்டிப்போன நாயைக் கிழித்துப் போட்ட பிறகுதான் விழுந்தது. வெர்ன் நாயைப் புதைத்தான், அழுதான், துப்பாக்கியைத் தன் வழக்கப்படி எண்ணெயால் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் ரெய்னோ வந்து குழலை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான். கண்ணாடி மாதிரி இருந்த குழல் புகைபோக்கி மாதிரி இருந்தது. உள்ளே குண்டைச் சுழற்றும் வரிகள் தெரியவில்லை, செந்துருதான் தெரிந்தது; மேலே வெர்னின் எண்ணெய் வாடை.

வெர்ன் அப்போது ரெய்னோவின் சவுனாவில்தான் இருந்தான். ரெய்னோ கதவைத் திறந்து, தாடியைப் பிடித்து, உடம்பை அடித்துக்கொண்ட பிர்ச் மரக் கொத்திலிருந்து ஒட்டிய இலைகளைத் தவிர வேறொன்றும் இல்லாத மச்சானைப் பனியில் இழுத்துப் போட்டான்.

"என் துப்பாக்கியைத் தொட்டியா?"

"ஒரு கரடிக்காக எடுத்தேன்டா. துடைச்சுத்தானே வெச்சேன்."

"எதால துடைச்ச?"

"எண்ணெயாலதான். வேற எதால துடைப்பாங்க, கண்ணீராலயா?"

முதல் குத்தில் மூக்கு உடைந்தது. பனியில் ரத்தம் விழுந்து ஆவி பறந்தது. வெர்ன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. சவுனாவிலிருந்து விடாமல் பிடித்து வந்த செப்பு அகப்பையால் ரெய்னோவின் மண்டையில் அடித்தான்; அது வளைந்ததும் காம்பால் குத்தினான். ரெய்னோ அவன் விலாவில் முழங்காலை ஏற்றினான். ஏதோ ஒன்று முறிந்தது பக்கத்து வீடான எங்கள் வேலிவரை கேட்டது. இரண்டு பேரும் விறகு அடுக்கின் மேல் விழ, அடுக்கு சரிந்து இருவரையும் அடித்தது. ஐலி மாவுக் கையோடு வெளியே வந்தாள். யாரையும் தடுக்கவில்லை. அடுப்பில் கறி அடைத்த பேஸ்டி வேகிறது என்று மட்டும் சொன்னாள்.

அதோடு முடிந்திருக்கும். வெர்ன் வாயில் இருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தான்.

"நான் குடுத்த நல்ல தோட்டா ரிப்பனோட அலமாரியில கெடக்கு. அதைப் போட்டிருந்தா துருவும் இல்ல, ஒண்ணும் இல்ல. பிச்சைக்காரனுக்குக் கர்வத்தைப் பாரு."

ரெய்னோ எழுந்து வீட்டுக்குள் போனான். ஐலி திரும்பி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அலமாரியில் ரிப்பன் கட்டின பெட்டி கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. பச்சை டப்பா தரையில், குனிந்து எடுக்க வேண்டிய இடத்தில். மச்சான் கொடுத்த தோட்டாவை மச்சானைச் சுடுவதற்குக்கூடத் தொடுவதில்லை என்று ரெய்னோ முடிவு செய்திருக்க வேண்டும். குனிந்து எடுத்தான்.

வெளியே வந்து துப்பாக்கியைத் தோளில் வைத்து வெர்னின் நெஞ்சைக் குறி பார்த்தான். பயமுறுத்தத்தான் என்று பிறகு சொன்னவர்கள் உண்டு. விசையை அவன் இழுத்தான் என்பதை மட்டும் எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

டிக்.

அந்தச் சத்தம் கேட்டதும் ரெய்னோ வழக்கம்போலக் கல்லானான். இத்தனை வருஷமாகச் சுடுதளத்தில் பழகிய உடம்பு. குழல் அசையக்கூடாது. இலக்கைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். இலக்கு அம்மணமாக, உடைந்த மூக்கோடு, பனியில் முழங்காலிட்டிருந்தது. வெர்னும் அதே சுடுதளத்தில் வளர்ந்தவன்தான். ஓடவில்லை. கெஞ்சவுமில்லை. வழக்கமாக அடுத்த பெஞ்சில் இருப்பவனுக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னான்.

"மச்சான், அது யோசிக்குதுடா."

"மேல தூக்கு, ரெய்னோ" என்றாள் ஐலி.

அவன் வாழ்க்கையில் மீறாத ஒரே விதி. மீறினான். குழல் மேலே போய்க்கொண்டிருக்கும்போதே வெடித்தது. குண்டு வெர்னின் தலைக்கு மேலே சவுனாவின் புகைபோக்கியைப் பாதியில் வெட்டியது. தகரம் பனியில் குத்தி நின்றது. இருபது வருஷத்துக் கரி மொத்தமும் வெர்னின் மேல் கொட்டியது. அப்புறம் மூன்று பேரும் உள்ளே போய் பேஸ்டி சாப்பிட்டார்கள். வெர்ன் போர்வைக்குள்ளிருந்து சாப்பிட்டான்.

துப்பாக்கிச் சத்தம் பற்றி யாரோ சொல்லி, ஷெரிஃப் அலுவலகத்து ஆள் ஒருவன் வந்து கேட்டான். புகைபோக்கி சுத்தம் பண்ணினோம் என்றான் வெர்ன். மூக்கு என்ன ஆச்சு என்றதற்கும் அதே பதில்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு வெர்ன் தூக்கமுடியாமல் ஒரு பொட்டலத்தைத் தூக்கி வந்தான், விலாவைப் பிடித்துக்கொண்டு. ரெய்னோ காகிதத்தைக் கிழித்தான். பச்சைத் தகர டப்பா. கொட்டகைக் கிழவரின் அதே சரக்கு. ஏலத்தில் மிச்சத்தை வாங்கிய ஆட்களைத் தேடி வெர்ன் விஸ்கான்சின்வரை போயிருந்தான். மலிவாகக் கிடைக்கவில்லை.

ரெய்னோ டப்பாவைத் தட்டிப் பார்த்தான். "சுத்தமான சரக்கா?"

"உப்பு. துரு. பத்துல ஒண்ணு யோசிக்கும்" என்றான் வெர்ன். "அதுக்குத்தான் வாங்கினேன்."

இப்போது ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு டப்பா வருகிறது. சனிக்கிழமைகளில் குழலுக்குள் கொதிநீர் ஊற்றுகிறவன் வெர்ன்தான், ரெய்னோ பிடித்துக்கொள்வான். ரிப்பன் கட்டின பெட்டியை ஐலி தீயணைப்பு நிலையத்துக் குலுக்கலுக்குக் கொடுத்துவிட்டாள். யாருக்கு விழுந்தது என்று இன்றுவரை வெளியே வரவில்லை. வெர்ன் மட்டும் புதிதாக யாரைப் பார்த்தாலும், யோசிக்காமல் வெடிக்கிற அந்தப் பெட்டி அவரிடமா என்றுதான் முதலில் விசாரிக்கிறான், பிறகுதான் காப்பீடு விற்கிறான்.