மாமன் மடியும் இழுவை லென்ஸும்

என் மனைவி அதை ஒரு நாளும் லென்ஸ் என்று சொன்னதில்லை. குழாய் என்பாள். "அந்தக் குழாய எடுத்து அந்தாண்ட வைங்க, மாவு படப்போவுது." பரங்கிப்பேட்டையில் ஒரு சிங்கப்பூர்க்காரர் அலமாரியை ஒழித்தபோது எனக்குக் கிடைத்த ஜூம் லென்ஸ் அது; இழுத்தால் உருவம் கிட்ட வரும், தள்ளினால் எட்டப் போகும், திருகினால் தெளியும். பிலிம் காலத்துச் சரக்கு, கனமென்றால் அப்படி ஒரு கனம். இப்போதைய மிரர்லெஸ் கேமராவில் அது நேரடியாகப் பொருந்தாது. நடுவில் அடாப்டர் என்று ஒரு வளையம் வேண்டும். இணையத்தில் இருந்ததிலேயே மலிவானதை வரவழைத்தேன்.

மாட்டிவிட்டு பட்டனை அமுக்கினால் கேமரா அசையவில்லை. திரையில் 'லென்ஸ் இல்லை' என்று வந்தது.

"இம்மாம் பெரிய குழாய மாட்டியும் அதுக்குத் தெரியலயா?" என்று அவள் சிரித்த சிரிப்பு அடுத்த வீடு வரை கேட்டிருக்கும். பழைய லென்ஸுக்குக் கேமராவோடு பேசத் தெரியாது, மெனுவுக்குள் போய் 'லென்ஸ் இல்லாவிட்டாலும் எடு' என்று நாம்தான் உத்தரவு போட வேண்டும் என்று விளக்கினேன். பாதியிலேயே குக்கர் விசிலைச் சாக்கு வைத்து எழுந்துபோய்விட்டாள்.

ஆனால் படம் என்னமாய் வந்தது! கடலூர் துறைமுகத்தில் வலை உலர்த்தியதை எடுத்தேன், கம்மியம்பேட்டைப் பாலத்தை எடுத்தேன். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். பாராட்டினால் எனக்குத் தலைகால் புரியாது. அந்த நேரத்தில்தான் சிதம்பரத்திலிருந்து தங்கை போன் செய்தாள். அவள் பெண் குழந்தைக்குக் காது குத்தப் போகிறார்கள். மாப்பிள்ளை வளைகுடாவில் வேலை, லீவு இல்லை. டூட்டி நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்களாம், வீடியோவில்கூடப் பார்க்க முடியாது.

"கொழந்தைக்கு மொட்ட அடிக்கசொல்லயும் அவுரு ஊர்ல இல்ல, இதுக்கும் இல்ல. போட்டோவாச்சும் நல்லா வரணும்ணே. பண்ருட்டிக்காரர் ஒருத்தரப் பேசி வச்சிருக்கேன்."

"அண்ணன் நான் கல்லு மாரி இருக்கசொல்ல வெளியாள் எதுக்கு? வேணாம்னு சொல்லிடு."

சொல்லிவிட்டாள். அவள் ரொம்ப நாளாய் என்னை நம்புகிறவள்.

விசேஷத்தன்று காலையில் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினோம். மண்டபத்துக்குள் சீர்த்தட்டைச் சுமந்துகொண்டு போனதே நான்தான். பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, பழம், பூ எல்லாம் முறைப்படி வைத்தேன். வைத்த கையோடு கேமராவை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கமாக வசதியான இடம் பிடித்தேன். ஆளாளுக்குப் போனைத் தூக்கியதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாரும் போன உள்ள வைங்க! குறுக்க கைய நீட்டாதீங்க! இது புரொபஷனல் வேல!" என்று ஒரு அதட்டுப் போட்டேன். பாவம், எல்லாரும் மரியாதையாக உள்ளே வைத்தார்கள்.

காது குத்தும் ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டே, "தாய்மாமன் எங்கப்பா? வந்து உக்காரச் சொல்லுங்க" என்றார்.

அந்தாள் எங்கே போய்த் தொலைந்தான் என்று நானும் எல்லாரோடும் சேர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தேன். மண்டபமே என்னைப் பார்த்தது. அப்போதுதான் உறைத்தது. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் நான். தங்கைக்கு இருப்பது ஒரே அண்ணன்.

"வேற யாராச்சும்..." என்று இழுத்தேன்.

மாப்பிள்ளையின் பெரியப்பா எகிறினார். "தாய்மாமன் இருக்கசொல்ல வேற எவன் மடியில உக்கார வைக்கிறது? நல்லாருக்குதே நியாயம்!"

என் மனைவி வந்து கேமராவைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, "போயி உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். கன்னத்தில் சந்தனம் பூசிய குழந்தை என் மூக்கைப் பிடித்து ஆட்டியது. எனக்குப் பின்னால் தங்கை நின்றாள். நான் அங்கிருந்தே மனைவியிடம் கத்தினேன். "அந்தக் குழாய உம்பக்கமா இழு! காது கிட்ட வரும்!"

"வந்துது. ஒரே கலங்கலா இருக்குது."

"திருகு!"

"எந்தப் பக்கம்?"

"தெளியிற பக்கம்! தெளிஞ்சதும் குழாய முன்னால தள்ளு, எல்லாரும் தெரிவாங்க. அமுக்கு!"

ஆசாரி ஊசியை நிறுத்திவிட்டு, "மாமா, நீங்க கொஞ்சம் வாய மூடுங்க. கொழந்த ஊசிக்கு அழுவல, உங்க சத்தத்துக்குத்தான் அழுவுது" என்றார். மண்டபம் கொல்லென்று சிரித்தது. அதற்குள் இரண்டு காதும் குத்தி முடித்துவிட்டார்.

சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது படங்களைத் திரையில் பார்த்தேன். காதும் கலங்கல், ஊசியும் கலங்கல், நான் உருத்தெரியாத ஒரு சந்தனக் கட்டி. என் மலிவு அடாப்டர் வளையம் இருக்க வேண்டிய தடிமனைவிட ஒரு மயிரிழை மெலிவு. இழுத்துக் கூர்மையாக்கி முன்னால் தள்ளினால், கூர்மை ஆளை விட்டுப் பின்னால் ஓடிவிடும். மறுபடி ஒரு திருகு திருக வேண்டும். என் கை யோசிக்காமலே அதைச் செய்து பழகிவிட்டதால் மனைவியிடம் சொல்லத் தோன்றவில்லை. எல்லாப் படத்திலும் பின்னால் நின்ற தங்கை மட்டும் பளிச்சென்று இருந்தாள். கண்ணில் தேங்கிய நீர்கூடத் தெரிந்தது.

தங்கை எட்டிப் பார்த்தாள். "பண்ருட்டிக்காரர வேணாம்னு நீதான சொன்ன" என்றாள். அதோடு போய்விட்டாள், பந்திக்கும் வரவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருப்பதைத்தானே அனுப்ப முடியும் என்று அத்தனையையும் அவளே புருஷனுக்கு அனுப்பினாள்.

நாங்கள் கடலூர் திரும்பி செருப்பைக் கழற்றும்போது மாப்பிள்ளையின் போன் வந்தது. தானும் கேட்கலாம் என்று மனைவி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள். நான் முந்திக்கொண்டு வளையம், மெலிவு, கூர்மை என்று உளறினேன்.

"வுடுங்க மச்சான். கொழந்தயத்தான் தெனம் பாக்குறனே" என்றார். "வீடியோ போட்டா உங்க தங்கச்சி போன அதும் பக்கமே திருப்பிப் புடிச்சிக்கிறா. இவ மூஞ்சிய நல்லா பாத்து எம்மா நாளாவுது தெரியுமா? இன்னிக்கித்தான் பாக்குறேன்."

பிறகு, "ரொம்ப எளச்சிப்பூட்டா மச்சான். சாப்புடுறாளா?" என்று கேட்டார்.

மாதத்துக்கு இரண்டு தரம் சிதம்பரம் போகிறவன் நான். அவள் தட்டை ஒரு நாளும் பார்த்ததில்லை.

மனைவி போனை என் கையிலிருந்து வாங்கினாள். "சாப்புடுறதில்ல தம்பி. காலையிலயே பாத்தேன். நாளைக்கிப் போயி ரெண்டு பேரையும் இங்க கூட்டியாந்துடறோம், நீங்க கவலப்படாதீங்க" என்றாள்.